சிவப்பு விளக்கின் மேல் ஒரு பொட்டு

பஜார் ரோடு வளைவில் கார் திரும்பியதும், ஸ்டியரிங்குக்குப் பின்னால், பிரேக் எச்சரிக்கை விளக்கின் மேல் ஒட்டியிருந்த கறுப்பு ஸ்டிக்கர் பொட்டின் ஓரமாகச் சிவப்பு வெளிச்சம் கசிந்தது.

"கடவுளே..." என்று முனகியபடி, ஸ்நேஹா கண்ணில் பட்ட முதல் ஒர்க்‌ஷாப்பின் தகரக் கூரைக்குக் கீழே வண்டியை நிறுத்தி இறங்கினாள். நல்ல மழை. பக்கத்துக் கிடங்கிலிருந்து சுக்கு மணம்.

"சேட்டா, ஈ லைட்டு..." என்று மலையாளத்தில் ஆரம்பித்தாள்.

"தமிழ்லயே சொல்லுங்க மேடம். கடவுளைத் தமிழ்லதான கூப்பிட்டீங்க."

நிமிர்ந்தாள். எதிரே மெக்கானிக். மழைத்துளி தங்கிய இமைகள்... அவற்றுக்குள் ஒரு சிரிப்பு. சட்டைப் பையின் மேல் இசக்கிதுரை என்று தைத்திருந்தது.

அவன் குனிந்து பொட்டை நகத்தால் உரித்தான்.

"வண்டிக்குப் பொட்டு வச்சது யாரு?"

"நான்தான். லைட்டைப் பார்த்தா அப்பா வண்டியை வித்துடுவார். வளைவுல மட்டும்தான் எரியறது. சென்சார் கோளாறாத்தான் இருக்கும். நான் பிசிக்ஸ் எம்.எஸ்சி."

அவன் பானெட்டைத் திறந்து ஒரு சின்ன டப்பாவைக் காட்டினான்.

"பிரேக் ஆயில் குறைஞ்சு கெடக்கு. திரும்பும்போது ஒரு பக்கமா ஒதுங்குது, லைட் எரியுது. இதெல்லாம் பிசிக்ஸ்ல வராதோ?"

அவளுக்குக் காது மடல் சுட்டது. தேய்ந்த பிரேக் பேடுகளை அவன் மாற்றி முடிக்கும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. நன்றிகூடச் சொல்லாமல் கிளம்பினாள்.

அதன்பின் பத்து நாள், எந்த வளைவிலும் விளக்கு எரியவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது... அவன் கேலியை நினைத்துக் கோபப்படப் பார்த்தாள். இமைகள்தான் நினைவுக்கு வந்தன.

வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது அப்பா சொன்னார்: "லைட் எரியாதபோதே வித்துடறது நல்லது. ஞாயித்துக்கிழமை இடப்பள்ளியிலேர்ந்து ஒருத்தர் வந்து எடுத்துண்டு போறார்."

வண்டி போய்விட்டால், அந்தத் தகரக் கூரைக்குக் கீழே போய் நிற்க வேறு என்ன காரணம் இருக்கிறது?

சனிக்கிழமை காலை. மழை விட்டிருந்தது.

"லைட்... மறுபடியும் எரியறது."

இசக்கிதுரை பார்த்தான். எரிந்தது. ஆயில் நிறைந்தே இருந்தது. சீட்டில் உட்கார்ந்தான். அவன் கை மெல்லக் கீழே போய் ஹேண்ட்பிரேக்கை இறக்கியது. விளக்கு அணைந்தது.

"ஹேண்ட்பிரேக் இழுத்தாலும் இதே லைட்டுதான் எரியும். ஒரு பல்லு மட்டும் இழுத்து வச்சிருக்கீங்க."

"ம்."

"தெரியாமலா?"

அவள் செருப்பு நுனியைப் பார்த்தாள்.

"தெரிஞ்சுதான். நாளைக்கு வண்டி போயிடும். அன்னிக்குப் பேசாம போனது தப்பு. உங்களைப் பார்க்காம... இருக்க முடியலை. வேற எப்படி வரதுன்னு தெரியலை."

அவன் இறங்கிப் போய் டூல் பாக்ஸின் மூடியைத் திறந்தான். உள்பக்கம் அந்தக் கறுப்புப் பொட்டு.

"பத்து நாளா தெனமும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

திரும்பி வந்து, ஹேண்ட்பிரேக்கை மறுபடியும் ஒரு பல் இழுத்தான். சிவப்பு விளக்கு எரிந்தது.

"கொஞ்சம் நேரமாவும் மேடம். சாயா குடிக்கலாமா?"

"மேடம் வேண்டாம்," என்றாள். "ஸ்நேஹா."