நார்மனின் நெற்றிப்பொட்டு

எழுபத்தெட்டாம் வருட மழைக்காலம். பூனாவில் நடுமதியத்திலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. சவக்கிடங்கு வராந்தாவில் குடையை மடக்கும்போது எனக்கு எரிச்சல். ‘தற்கொலைதான், கையெழுத்துப் போட்டால் போதும்’ என்று சப்-இன்ஸ்பெக்டர் போனிலேயே தீர்ப்புச் சொல்லியிருந்தார். அப்புறம் டாக்டர் எதற்கு?

இறந்தவன் நார்மன். கட்கியில் குடியிருந்த வாட்ச்மேன், பழைய பட்டாளத்துக்காரன். நெற்றிப்பொட்டில் குண்டு, பக்கத்தில் அவனுடைய கைத்துப்பாக்கி.

அவன் மனைவி சாந்தகுமாரி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“டாக்டரம்மா, தற்கொலைன்னு எழுதிட்டா கல்லறைத் தோட்டத்துல இடம் குடுக்கமாட்டாங்க. மதிலுக்கு வெளியில பொதைக்கச் சொல்லுவாங்க. அவரு அப்படிச் செய்யற ஆளில்லம்மா.”

அவள் அண்ணன் ஐசக் அவளைத் தாங்கிக்கொண்டிருந்தான். “மச்சானை நான்தான் குளிப்பாட்டினேன் டாக்டர். ரத்தத்தோட எப்படிப் போட்டுவைக்கிறது?”

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. துப்பாக்கியை ஒட்டிவைத்துச் சுட்டால் காயத்தைச் சுற்றிக் கரி படியும். அதைத்தான் சோப்புப் போட்டுக் கழுவியிருக்கிறார்கள். நல்லவேளை, கரி காயத்துக்குள்ளும் போகும். அங்கே சோப்பு எட்டாது.

காயம் தெரிவதற்காக நார்மனின் முகத்தைப் பலம் கொடுத்துச் சுவர்ப்பக்கம் சாய்த்து வைத்தேன்.

விளக்கு அணைந்தது.

“லைட் கயா, மேடம்,” என்று கிசுகிசுத்தான் உதவியாள் பத்ரிநாத்.

இருட்டில் ஒரு வாசனை கிளம்பியது. அப்போதுதான் வெடித்த துப்பாக்கி மருந்தின் வாசனை. குளிப்பாட்டி, ஐஸில் வைத்த உடம்பிலிருந்து.

பத்ரிநாத் டார்ச் அடித்தான்.

நார்மனின் முகம் வாசலைப் பார்த்திருந்தது.

விறைத்த கழுத்து தானாகத் திரும்பாது. என் அனுபவத்தில் திரும்பியதே இல்லை.

வாசலில் ஐசக் நின்றிருந்தான்.

“உள்ளே வரக் கூடாது,” என்றேன்.

டார்ச் வெளிச்சத்திலேயே காயத்தைத் திறந்தேன். உள்ளே சுத்தமாக இருந்தது. எலும்பில் கரி இல்லை. தோலில் மருந்துத்துகள் குத்திய புள்ளிகளும் இல்லை, அவை கழுவினாலும் போகாதவை. கைக்கெட்டாத தூரத்திலிருந்து யாரோ சுட்டிருக்கிறார்கள்.

“தற்கொலை இல்லை, கொலை,” என்று வராந்தாவில் சொன்னேன். சாந்தகுமாரி என் காலில் விழுந்து அழுதாள். கல்லறை கிடைத்த நிம்மதியில், சுட்டது யார் என்று கேட்கவே அவளுக்குத் தோன்றவில்லை. கேட்டிருந்தாலும், அதைச் சொல்ல என் படிப்பில் இடமில்லை.

அடக்கத்துக்கு நானும் போனேன். போகாமலிருக்க மனம் விடவில்லை. பாஸ்டர் ஜெபிக்க, ஒவ்வொருவராகப் பெட்டியின்மேல் ஒரு பிடி மண் போட்டார்கள். சாந்தகுமாரி போட்டாள். நான் போட்டேன்.

ஐசக் போட்டான்.

பெட்டிக்குள்ளிருந்து தட்டும் சத்தம் வந்தது.

ஜெபம் பாதியில் நின்றது. சாந்தகுமாரி மெல்லத் திரும்பி அண்ணனின் முகத்தைப் பார்த்தாள்.

“அண்ணே?”

அவன் ஓரடி பின்வாங்கினான்.

மறுபடியும் தட்டியது. இன்னும் பலமாக. குழிவெட்டிகள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு விலகி நின்றார்கள்.