முழங்கைக் குழிகள்

தம்பி மகன் வம்சியின் சிலை லாரியில் வந்து இறங்கிய மதியம், நானும் எங்கள் பொள்ளாச்சித் தோப்பு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். வாசலுக்கு எதிரே பீடம் தயாராக இருந்தது. இயந்திரத் துப்பாக்கியை ஏந்தி, நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் வெண்கலம். மலைச் சண்டையில் சின்ன வயதில் உயிர்விட்ட ராணுவ வீரனுக்கு எங்கள் குடும்பம் செய்யும் மரியாதை. அமைச்சர் வாக்குக் கொடுத்த நினைவு வளைவு வரவேயில்லை. நாங்கள் யாரிடமும் போய் நிற்கவில்லை.

சண்டையில் வம்சியின் பக்கத்தில் கிடந்து, துப்பாக்கிக்குத் தோட்டாப் பட்டையை ஊட்டிய பிரான்சிஸும் வந்திருந்தான். சிலையைச் சுற்றிப் பார்த்தான்.

"வம்சி நின்னு சுட்டதே இல்லீங்கய்யா. கடைசி வரைக்கும் படுத்தேதான் இருந்தானுங்க."

"எங்க குடும்பத்துல எவனும் படுத்துச் சாகலப்பா."

"அவன் எந்திரிக்காம கெடந்ததாலதானுங்க நாங்க உசுரோட இறங்கி வந்தோம்."

வம்சியின் தாய் ராமாமணி கதவோரம் நின்றிருந்தாள். விடுப்பில் வந்தபோதுகூட அவன் குப்புறத்தான் தூங்கினான் என்றாள்.

"அவனைப் படுக்கவிடுங்க பாவா," என்று கணவனின் அண்ணனான என்னிடம் கேட்டாள்.

சிலைத் திறப்பு விழாவுக்குப் பத்திரிகை அடித்தாகிவிட்டது. நான் மறுத்துவிட்டேன்.

சாயங்காலம் பீடத்துக்கு முன்னால் சிமெண்ட் பூசிக் கயிறு கட்டினார்கள். காலையில் அதில் இரண்டு குழிகள் இருந்தன. முழங்கை ஊன்றிய குழிகள். அவற்றுக்கு முன்னால், சாலையைப் பார்த்து, துப்பாக்கிக் குழலைத் தாங்கும் இரண்டு கால்கள் அழுந்திய தடம்.

காலடி ஒன்றுகூட இல்லை.

கருகிய எண்ணெய் வாடை அடித்தது. பிரான்சிஸ் குழிகளுக்கு இடப்பக்கம் போய்க் குப்புறப் படுத்தான். வெறுங்கையால் எதையோ ஊட்டுவதுபோல் விரல்களை நகர்த்தினான்.

டக். டக்.

சூடான இரும்பு ஆறும்போது எழும் ஓசை.

அவன் எதிரே போய் நின்று, ஆட்கள் பார்க்கிறார்கள், எழுந்திரு என்றேன். அவன் தலையைத் தூக்கவில்லை.

"எதிர்ல ஆரு நிக்கறதுன்னு கேக்கறானுங்கய்யா," என்று கிசுகிசுத்தான்.

நான்தான் நின்றுகொண்டிருந்தேன்.

அடுத்த பஸ்ஸில் பிரான்சிஸ் போய்விட்டான். குழிகளின்மேல் கருங்கல் பலகை பதிக்கச் சொன்னேன். மறுநாள் விழாவுக்கு வந்தவர்கள் மாலை போட்டார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். நெஞ்சில் குண்டு வாங்கி, நின்றபடியே இறந்தான் என்று பேசினேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

மழைக்காலம் வந்துவிட்டது. நான் இன்னும் தோப்பு வீட்டில்தான் இருக்கிறேன். கருங்கல்லிலும் அதே குழிகள் விழுந்திருக்கின்றன. மழை நீர் அவற்றில் தேங்குவதில்லை. கை வைத்தால் சுடுகிறது. துப்பாக்கிக் கால்களின் தடம் மட்டும் திரும்பிவிட்டது.

இப்போது அது வீட்டைப் பார்க்கிறது.

ராமாமணி குனிந்து கோலம் போடுகிறாள். அவளை அது ஒன்றும் செய்வதில்லை. நான் கூடத்துச் சன்னலருகே ஒருமுறை நிமிர்ந்து நின்றேன்.

வெளியே டக் என்றது.

யாருக்கும் முதுகு வளைக்காதவன் நான். அந்தச் சன்னலைத் தவழ்ந்துதான் கடக்கிறேன்.