மலைக்குள் இறக்கிய அழுத்தமானி

மதுரன் சாருக்கு வாய் நீளம். மலையகத்து நோர்வூட்டில் பஸ்ஸைவிட்டு இறங்கியதிலிருந்து வளைகுடா எண்ணெய்க் கிணறுகளின் புராணம்தான். பாதாளச் சூட்டில் வேகாத, மாதக்கணக்கில் அளவு பிசகாத அழுத்தமானிகளை அங்கே இவர்தான் தேர்ந்தெடுத்தாராம். பெரிய சூரப்புலி! அவருக்கு உதவியாக வந்த என்ஜினியர் பிரியந்தி நான். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

போன மழையில் மலை சரிந்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் பாதியை மூடியிருந்தது. அதில் புதைந்த தொழிலாளி மூக்கனின் உடல் கிடைக்கவேயில்லை. மீதிக் குடும்பங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கிடந்தன. மேட்டில் துளையிட்டு, மண்ணுக்குள் நீரழுத்தம் அடங்கிவிட்டதா என்று பார்த்து, அவர்கள் திரும்பலாமா என்று நாங்கள் சொல்ல வேண்டும்.

மூக்கனின் மனைவி ராசம்மா, மாடசாமிக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத் தொடங்கச் சொன்னாள்.

"தேங்கா சட்னிக்குத்தான் நல்லது" என்று சிரித்தார் இவர். மனுஷனா!

பனி கால்களைச் சுற்றியது. துளையிலிருந்து ஈரமண் வாடையோடு பழைய வியர்வை நாற்றமும் வந்தது. கருவி இறங்கியது.

திரையில் கோடு ஏறியது.

இறங்கியது.

மறுபடி ஏறியது.

"அவரு தூங்கையில இப்படித்தாங்க மூச்சு விடுவாரு" என்று கிசுகிசுத்தாள் ராசம்மா.

"சாமான் பழுது" என்று வேறு கம்பெனிக் கருவியை இறக்கினார் சார். அதே கோடு. மூன்றாவதாக, தலையில் வைத்துக் கொண்டாடும் எண்ணெய்க் கிணற்றுக் கருவி. அதிலும் அதே கோடு.

"மூணும் ஒண்ணையே சொல்லுதுங்க சார். இன்னமும் கருவிமேலயா பழி?" என்றேன்.

"உனக்கென்ன தெரியும்? இதெல்லாம் வெறும் இரைச்சல். வடிகட்டிட்டா சரியாப்போயிடும்."

கணினியில் ஏற்ற இறக்கத்தை அழித்தார். கோடு நேராகப் படுத்துக்கொண்டது. மலை பத்திரம் என்று அறிவித்தும்விட்டார். இந்தப் படிப்பைக் குப்பையில் போட!

ராசம்மா என் கையைப் பிடித்தாள். "புள்ளைகளோட உள்ள போகலாமாங்க மிஸ்?"

"போகாதீங்க."

சாருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நானே இருந்து காட்டுறேன்" என்று பட்டப்பகலில் லயத்துக்குப் போய், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

காற்று நின்றது.

மலை இறங்கியது.

ஆர்மிக்காரர்கள் நாட்கணக்கில் தோண்டினார்கள். சாரும் கிடைக்கவில்லை. மேட்டிலிருந்த துளை மட்டும் தப்பியிருந்தது. வடிகட்டலை நீக்கிவிட்டுத் திரையைப் பார்த்தேன்.

பழைய மூச்சு நிதானமாக ஏறி இறங்கியது.

பக்கத்திலேயே இன்னொன்று, அவசர அவசரமாக.