ஒரே எண்ணில் இரண்டு பேர்

குறுந்தகட்டுத் தட்டு தானாக நாக்கை நீட்டியது. அரை மணி நேரம் கெஞ்சியும் அசையாத சாமான், மெக்கானிக் பொத்தானை விட்டுக் கையை எடுத்ததும் வெளியே வந்து, அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது.

நிலவறையில் இருந்த அந்தப் பெட்டக அறைக்கு ஜன்னல் கிடையாது. இரும்புக் கதவின் தாழையும் காற்று இழுக்கும் விசிறியையும் ஓட்டுவது மூலையில் கிடந்த கிழட்டுக் கணினிதான். சாவியாக வைத்திருந்த குறுந்தகட்டை அது படித்தால்தான் தாழ் விலகும். படிக்க மாட்டேன் என்று அது அடம் பிடித்ததால், கதவைத் திறந்தே போட்டுவிட்டு இவரை வரச் சொல்லியிருந்தார்கள். இவரோ கதவுக்கு ஒரு கட்டைகூடக் கொடுக்காமல் கணினியை ஒருமுறை அணைத்து மறுபடி போட்டார். அனுபவசாலி. கதவு சாத்திக்கொண்டது, விசிறியும் நின்றது.

சுவரில் இருந்த பேசியில், மேலே காவலுக்கு இருந்த மச்சினனைக் கூப்பிட்டார். கதவை அறுக்கக் காலையில்தான் ஆள் வருமாம்.

"அதுவரைக்கும் காத்து தாங்காதுடா."

"அதான் ரெண்டு பேரு இருக்கீங்களே மாமா. சீக்கிரம் முடிச்சிர மாட்டீங்களா?"

"யாருடா ரெண்டு பேரு?"

"கேமராவுல தெரியுதே. பின்னாடி ஒருத்தரு நிக்கிறாரு. சட்டைகூட ஒரே துணியில தச்சிருக்கீங்க."

இவர் மூக்குக் கண்ணாடியில் எண்ணெய் தடவி வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவன்போல் உட்கார்ந்திருக்கிற பயல் அவன். சிரித்துவிட்டுப் பேசியை வைத்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

திரையில் ஒரே எண்ணுக்கு தகட்டைப் படிக்கும் இயக்கிகள் இரண்டு சண்டை போட்டுக்கொண்டிருந்தன. கணினிப் பெட்டியைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே ஒரு இயக்கிதான் இருந்தது, அதற்கு ஒரே ஒரு கம்பிப் பட்டை. சூடான தூசியின் வாசனையோடு தலைக்குத் தேய்க்கும் எண்ணெயின் வாசனையும் வந்தது. அவருடைய எண்ணெய்தான், ஆனால் பிடரிக்குப் பின்னாலிருந்து வந்தது. அவர் மூச்சு விட்டு முடித்த பிறகும் ஒரு மூச்சு மிச்சம் இருந்தது.

இந்தத் தொழிலில் இதற்கு ஒரே வைத்தியம். ஒன்றை முடக்கினால் மற்றது பிழைக்கும்.

திரையில் இரண்டாவது வரிக்கு இறங்கினார். அழுத்தினார்.

தகடு சுழன்றது. விசிறி உறுமியது. தாழ் விலகியது.

கதவுக்கு ஓடினார். தாண்டினார்.

மேலே போகும் படிக்கட்டைக் காணோம்.

இரும்பு அலமாரிகள். மூலையில் கணினி. முன்னால் முதுகு காட்டி ஒரு ஆள். அதே சட்டை. காலரில் அதே கிழிசல். பேசியில் கேட்டுக்கொண்டிருந்தான்.

"யாருடா ரெண்டு பேரு?"

கூப்பிட்டார். சத்தம் வரவில்லை. பின்னால் கையை நீட்டித் துழாவினார். கதவு இல்லை. சுவர்.

அந்த ஆள் சிரித்துவிட்டுப் பேசியை வைத்தான். திரும்பவில்லை. பெட்டியைக் கழற்றினான். மாட்டினான். திரையில் கோடு இரண்டாவது வரிக்கு இறங்கியது.

விரல் உயர்ந்தது.