தாழ்ப்பாளில் ஒரு துண்டு

தட்டு வெளியே வந்திருந்தது.

நாய் தட்டை நக்கும், கவிழ்க்கும், கடித்துச் சப்பையாக்கும். பூனை அதற்குள்ளேயே ஏறி உட்கார்ந்து நியாயம் கேட்கும். சாப்பிட்டு முடித்த தட்டைக் கதவின் அடி இடுக்கு வழியாக வெளியே தள்ளி, சுவரோரமாகச் சாய்த்தும் வைக்கிற பழக்கம் எந்தப் பிராணிக்கும் கிடையாது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் கணவருக்கே கிடையாது.

குனிந்து எடுத்தாள். எச்சில் பிசுபிசுப்பு இல்லை. முடி இல்லை. மருந்துக்கடையில் பகலெல்லாம் நின்று வீங்கிப்போன கால்களோடு, மழை மேகம் சாயங்காலத்திலேயே இருட்டடித்துவிட்ட அந்த நடைவழியில், காலித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நின்றபோது, கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தது மூச்சை நிறுத்திக்கொண்டு அவள் போவதற்காகக் காத்திருப்பது போலிருந்தது.

"கெட்டிக்கார நாய்," என்று சொல்லிக்கொண்டாள். சத்தமாகவே சொன்னாள். அப்படிச் சொல்ல வேண்டியிருந்தது.

திட்டம் என்னவோ ஒரே ஒரு பூனைதான். மகள் தனிக்குழந்தை, துணைக்கு ஏதாவது இருக்கட்டும் என்று. ஆயுள் காப்பீட்டு அலுவலகத்தில் அடுத்தவர் சாவைப் பற்றி இதமாகப் பேசிப் பிழைக்கிற கணவர், அந்தப் பூனையை மடியில் வைத்துப் படம் எடுத்துப் போட்டார். ஊரே புகழ்ந்தது. அதோடு போனது நிம்மதி. லாரிக்கு ஒரு காலைக் கொடுத்த நாய் வந்தது. வேலை எதுவும் செய்யாமல் எல்லோரையும் பார்த்துக் குரைத்ததால் அதற்கு 'மேனேஜர்' என்று பெயர். ஓயாமல் வாதாடுகிற கிழட்டுப் பூனை 'வக்கீல்'. கண் தெரியாத முயல் 'ஜோசியர்'. அப்புறம் வந்தவற்றுக்குப் பெயர் வைக்க அவளுக்குத் தெம்பில்லை. கணவரை உயிர்நேய மன்றத்துக்குத் தலைவர் ஆக்கினார்கள். வீட்டுக்கு வருகிறவர்களிடம் சோபாவில் சாய்ந்துகொண்டு, "நாம அவங்களைக் காப்பாத்தலை சார், அவங்கதான் நம்மளைக் காப்பாத்தறாங்க," என்பார். காப்பாற்றப்பட்டவள் உள்ளே மூத்திரம் துடைத்துக்கொண்டிருப்பாள்.

தலைவர் வீட்டுக்குச் சட்டதிட்டமும் போட்டிருந்தார். கதவைப் பிறாண்டும் சத்தம் கேட்டால் உடனே திறக்க வேண்டும். புதிதாக வருவது மிரண்டுபோயிருக்கும். அதைப் பின்னறையில் விட்டு விளக்கை அணைத்துவிட வேண்டும். அதுவாகப் பழகும்வரை யாரும் கண்ணைப் பார்க்கக் கூடாது. தச்சரை வைத்து அடிப்பக்கம் அறுத்த கதவின் இடுக்கு வழியாகத் தட்டை நகர்த்தினால் போதும். தாழ்ப்பாளில் பழைய துண்டு தொங்கினால் உள்ளே விருந்தாளி என்று அர்த்தம்.

போன வாரம் அவள் கடையிலிருந்து நனைந்து வந்தபோது துண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

அதற்கு முந்தின நாள்தான், "இனிமே ஒரு கொசு உள்ள வந்தாலும் நான் புள்ளையக் கூட்டிட்டுப் போயிடுவேன்," என்று கத்தியிருந்தாள். துண்டைப் பார்த்ததும் உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் கேட்கவில்லை. கேட்டால் சொற்பொழிவு ஆரம்பமாகும். உதட்டைக் கடித்துக்கொண்டு தட்டை உள்ளே தள்ளினாள். கூடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த கணவர் ஏதோ ஞானம் பெற்றவர்போல மெல்லச் சிரித்தார். அந்தச் சிரிப்பின் மேலேயே தட்டை வீசியிருக்கலாம்.

அன்றிலிருந்து வீட்டின் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வந்தது. மேனேஜர் நடைவழிப் பக்கமே வருவதில்லை. வாசல் கதவை ஒட்டி உட்கார்ந்து, இருக்கிற மூன்று காலும் நடுங்க, திறந்துவிடச் சொல்லிக் கெஞ்சியது. வக்கீல் ஃபிரிட்ஜ் மேல் ஏறியது இறங்கவில்லை, வாதமும் இல்லை. பின்னறையிலிருந்து நாய் வாடை வரவில்லை. நெடுநாள் மூடிக் கிடந்த தண்ணீர்த் தொட்டியைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்தக் குளிர்ந்த பாசி வாடை வந்தது. நகம் தரையில் உரசும் சத்தமும் இல்லை. பெரிதாக ஏதோ ஒன்று தன்னை மடித்துக்கொள்வதும், இடம் போதாமல் பிரித்து மறுபடி மடித்துக்கொள்வதும் மட்டும் கேட்டது.

நேற்று மகள் அந்தக் கதவருகில் குப்புறப் படுத்து, இடுக்கில் கையை விட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏய், கடிச்சு வச்சிடப் போகுதுடி!"

"கடிக்காதும்மா. கை குடுன்னேன், குடுத்துச்சு. ரொம்ப சில்லுனு இருக்கு, பாவம்."

"எழுந்திரு முதல்ல. சோப்பு போட்டுக் கழுவு."

"அதுவும் பேசுதும்மா."

"எப்படி?"

"ச்சு ச்சுன்னு. நான் முயலுக்குச் சொல்லுவேன்ல, அதே மாதிரி."

குழந்தைகள் ஆயிரம் சொல்லும். அதை அங்கேயே விட்டுவிட்டாள்.

இப்போது கழுவாத தட்டைச் சமையலறைத் தொட்டியில் போட்டுவிட்டு, நின்றபடியே கணவருக்கு போன் போட்டாள். ஜீவகாருண்யத்துக்காக அவருக்கு இன்று எங்கேயோ பொன்னாடை. மகள் கூடத்தில் படம் வரைந்துகொண்டிருந்தாள். மழை வலுத்தது.

"என்னங்க, பேச மாட்டேன்னுதான் இருந்தேன். அந்தப் பின்ரூம் ஜீவனை நாளைக்கே டாக்டர்கிட்டக் காட்டுங்க. எனக்கு என்னமோ சரியாப் படலை."

"இப்பவா சொல்லணும்? அடுத்து என்னைத்தான் மேடைக்குக் கூப்பிடப் போறாங்க," என்றார் அவர். பிறகு குரலை இளக்கிக்கொண்டார். "எனக்குத் தெரியும்மா. உன் மனசு மாறும்னு எனக்குத் தெரியும். அதான் ஒண்ணும் கேக்காம இருந்தேன்."

"என்ன மாறுச்சு?"

"நீயா ஒரு ஜீவனைக் கூட்டிட்டு வந்தியே. இன்னைக்குப் பேச்சுல அதைத்தான் சொல்லப்போறேன்."

பாத்திரம் கழுவும் தொட்டியில் தண்ணீர் சொட்டியது.

"நானா?"

"ஆமா. பின்ரூம்ல இருக்கறது. நீ கொண்டுவந்ததுதானே?"

கரண்ட் போனது.

கூடத்தில் மகளின் பென்சில் உருண்டது. உருண்டு, நின்றது. சத்தமில்லை.

"பொடிசு?"

போனின் மங்கல் வெளிச்சத்தைத் தரைக்குக் காட்டியபடி கூடத்துக்கு வந்தாள். தாளும் பென்சிலும் கிடந்தன. மேனேஜர் வாசல் கதவில் முகத்தைப் பதித்துக்கொண்டு திரும்பாமல் நின்றது. நடைவழி. பாசி வாடை. துண்டு கீழே கிடந்தது.

கதவு திறந்திருந்தது.

"அம்மா, லைட்ட மேல அடிக்காத." உள்ளேயிருந்து மகளின் குரல், ரகசியமாக. "கண்ணைப் பாக்கக் கூடாது. பயந்துக்கும்."

"வெளிய வாடா கண்ணு. அம்மா சொல்றேன்ல."

"மழைல நின்னுச்சும்மா. கதவைப் பிறாண்டிச்சு. நான்தான் உள்ள விட்டேன். துண்டும் போட்டேன். பாவம் தனியா இருக்குல்ல?"

நுழைந்தாள். தரை வெளிச்சத்தில் மகளின் மடக்கிய முழங்கால்கள் தெரிந்தன. பாவாடை ஓரம். தோளில் விழுந்த முடி. முடியின் மேல் விரல்கள்.

நீளமான விரல்கள். நெற்றியில் ஆரம்பித்துப் பின்கழுத்து வரை. மெதுவாக. மறுபடி நெற்றியிலிருந்து.

மகளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். விரல்கள் விலகவில்லை. லேசாக மூடின. முடி இறுகியது.

"ஆ! இழுக்காதம்மா. அது மிரளுது."

விட்டாள். உடனே விரல்களும் தளர்ந்தன.

பின்னால் நடைவழி. அப்புறம் கூடம். அப்புறம் வாசல். தெருவில் ஆட்கள் இருப்பார்கள். ஓடலாம், கத்தலாம். தனியாக ஓடலாம். அவள் திரும்பி வரும்போது மகள் இங்கே இருக்க வேண்டுமே.

போனில் கைத்தட்டல் கேட்டது. துண்டிக்க மறந்திருந்தார். யாரோ மைக்கில் அவரை மனிதருள் மாணிக்கம் என்றார்கள்.

ஈரத் தரையில், மகளை ஒட்டி உட்கார்ந்தாள். தலையைக் குனிந்துகொண்டாள். போன் கையிலிருந்து நழுவி முகம் கவிழ்ந்தது.

இருட்டு.

மேலே, கூரைக்குக் கொஞ்சம் கீழே, ஏதோ மடிந்து இறங்கியது. குளிர்ந்த மூச்சு அவள் உச்சியில் பட்டது. இன்னொரு கை காற்றில் துழாவியது. தோளைத் தொட்டது. காதைத் தொட்டது. தலையில் அமர்ந்தது.

"ச்சு," என்றது. "ச்சு... ச்சு..."

நெற்றியிலிருந்து பின்கழுத்து வரை. மெதுவாக. அவள் நடுங்க நடுங்க, பொறுமையாக, அது தடவிக்கொண்டே இருந்தது.