அம்புக்குறி திரும்பிய பக்கம்

காலணிக்குள் புகுந்த மணலைத் தட்டுவதற்காக மெரிடி காரின் பம்பரில் உட்கார்ந்தபோது, கையிலிருந்த வழிகாட்டும் கருவி டப்பாவுக்கு நூற்று நாற்பது மீட்டர் என்றது. தட்டி முடித்து, கயிற்றைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது நூற்று முப்பது. அவள் ஓர் அடிகூட நகரவில்லை.

யாரோ எங்கோ ஒளித்துவைத்த டப்பாவை, செயற்கைக்கோள் சொல்லும் வழியை நம்பித் தேடி அலைகிறவர்களுக்கு எண் ஆடுவது பழகிப்போன விஷயம்தான். ஆனால் ஆடுகிற எண் ஏறும், இறங்கும். இது இறங்க மட்டுமே செய்தது. நூற்று இருபத்தெட்டு. நூற்று இருபத்தைந்து. அம்புக்குறி காட்டிய பக்கம் கோதுமை அறுத்த வயல் வானத்தின் விளிம்புவரை வெறிச்சென்று கிடந்தது. ஒரு முயல் ஒளிந்துகொள்ளக்கூட அங்கே புதர் இல்லை.

அவள் வாக்கி-டாக்கி ரேடியோவை எடுத்தாள். ஊர்க் கால்பந்து மைதானத்தில் கூடாரம் போட்டு, நான்கு நாள் டப்பா வேட்டை முழுவதையும் ஒற்றை ஆளாக மேய்த்துக்கொண்டிருந்த பெவ் பேசினாள். பின்னால் சாசேஜ் பொரியும் சத்தமும் யாரோ சிரிப்பதும் கேட்டன.

"எண்ணு தானா குறையுதா? உனக்காவது குறையுதேன்னு சந்தோஷப்படு. இங்க பாதிப் பேருக்குக் கருவியே வேல செய்யல. வெயில்ல நிக்காம தண்ணியக் குடி."

"இல்ல பெவ், அது என்னைப் பாத்து வர்ற மாதிரி இருக்கு."

"வரட்டும். உனக்கு நடை மிச்சம்."

மெரிடியும் சிரித்து வைத்தாள்.

அவள் கணவன் லீத் மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் இன்னொரு டப்பாவைத் தேடிப் போயிருந்தான். "அந்த முட்டிய வச்சுக்கிட்டு மேடு ஏறுனன்னா பொழுது விடிஞ்சிரும் கெழவி. கிட்ட இருக்கிறது உனக்கு, தூரத்துல இருக்கிறது எனக்கு" என்று சொல்லிவிட்டு, கார் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே போய்விட்டான். அவனை ரேடியோவில் கூப்பிட்டாள். வெறும் இரைச்சல்தான் வந்தது. டப்பா பக்கத்தில் வந்தால் அவன் ரேடியோவை அணைத்துவிடுவான். போட்டிக்காரன் எவனுக்கும் துப்புக் கிடைத்துவிடக் கூடாதாம். டப்பா விரலில் தட்டுப்பட்டதும் தனக்குள்ளே மெல்ல, "மாட்டுனியா" என்பான். அவள் தொலைத்த மூக்குக்கண்ணாடியைத் தேடிக் கொடுக்கும்போதும் அதையேதான் சொல்வான். முப்பது வருடத்துக்கு முன்னால் அவள் கல்யாணத்துக்குச் சரி என்ற அன்றைக்கும் காதோரம் அதையேதான் சொன்னான். அந்தச் சொல்லுக்காகவே அவனை அவளுக்குப் பிடிக்கும்.

எண்பது.

மேட்டின் உச்சியிலிருந்த யூகலிப்டஸ் மரங்களில் காலையிலிருந்து கூச்சல் போட்டுக்கொண்டிருந்த இளஞ்சிவப்புக் கிளிகள் எல்லாம் ஒரே சமயத்தில் எழுந்து, சத்தமே இல்லாமல் தெற்கே பறந்துபோயின. காற்று நின்றது. பகலெல்லாம் காய்ந்த கோதுமைத் தாளின் வாசனைக்கு நடுவே வேறொரு வாசனை வந்தது, நெடுநாள் மூடிக்கிடந்த தண்ணீர்த்தொட்டியைத் திறந்ததுபோல, குளிர்ந்து, ஈரமாக. அந்த வயலில் ஈரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. தூரத்தில் தாள்கள் ஒரு கோடாக அசைந்தன. கோட்டின் முனை காரைப் பார்த்து வந்தது.

அவள் காருக்குள் ஏறி, நான்கு கதவுப் பொத்தான்களையும் ஒவ்வொன்றாக அழுத்தினாள். சாவி இல்லாமல் ஜன்னல் இறங்காது. உள்ளே அடுப்படிச் சூடு. அதைத் தாங்கிக்கொண்டு கருவியை மடியில் வைத்துப் பார்த்தாள்.

நாற்பது. இருபது. ஆறு.

பூஜ்யம்.

காலுக்கடியில், தகரத்துக்கு மறுபுறம், மணல் சலிப்பதுபோல ஒரு சத்தம் முன்னும் பின்னும் போனது. இருக்கை லேசாக அதிர்ந்தது. பயத்தில் அவள் கை தானாகவே ஹாரனில் விழுந்தது. அழுத்திக்கொண்டே இருந்தாள்.

சத்தம் நின்றது.

ஒன்று. மூன்று. ஏழு.

எண் ஏறியது! போகிறது. அவள் வாய்விட்டு அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்புக்குறியைப் பார்த்தாள். அது மேட்டின் பக்கம் திரும்பியிருந்தது.

மேட்டின் சரிவில் லீத் ஓடி வந்துகொண்டிருந்தான். ஹாரனைக் கேட்டு, அவளுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று, தொப்பியை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தான்.

"வேணாம்! அங்கயே நில்லு லீத்! வராத!"

மூடிய கண்ணாடிக்குள் அவள் குரல் அவள் காதையே அடைத்தது. ரேடியோவில் கத்தினாள். அவனுடையது இன்னும் அணைந்தே கிடந்தது. வேறு வழி தெரியாமல் மறுபடி ஹாரனை அடித்தாள். அவன் இன்னும் வேகமாக ஓடி வந்தான்.

கையை எடுத்துவிட்டாள். எடுத்தும் பயனில்லை.

அறுபது. எண்பது. தொண்ணூறில் எண் நின்றது. அங்கே லீத்தும் நின்றான். கீழே எதையோ கண்டவன்போலக் குனிந்தான். டப்பா கிடைத்தால் அப்படித்தான் குனிவான். முயல்கூட ஒளிய முடியாத அந்தத் தாளுக்குள் முழுதாக மறைந்தான்.

நெடுநேரம் கழித்து எழுந்தான்.

தொப்பி இல்லை. ஓட்டமும் இல்லை. கைகளைத் தொங்கவிட்டு, முட்டியை மடக்காமல், நேராக நடந்து வந்தான்.

எண்பது. ஐம்பது.

அவள் இருக்கைகளுக்கு நடுவே தரையில் சுருண்டு படுத்தாள். கதவைத் திற, அது உன் புருஷன் என்றது மனதின் ஒரு பாதி. அவள் திறக்கவில்லை. கருவியை மார்போடு அணைத்துக்கொண்டாள். வியர்வை கண்ணில் இறங்கியது.

பத்து. நான்கு.

ஜன்னலில் நிழல் விழுந்தது. அவன் முகம்தான். கண்கள் திறந்திருந்தன. இமைக்குள் விழி இருக்கவேண்டிய இடமெல்லாம் சிவப்பு மணல், விளிம்புவரை. வாயோரத்திலும் மணல் வழிந்தது. அவன் உள்ளே பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை. விரல்நுனிகளால் தேடினான். மட்கார்டின் அடி. கைப்பிடியின் பின்புறம். ஜன்னல் ரப்பரின் இடுக்கு. காந்தம் ஒட்டிய டப்பாவை எங்கெங்கே துழாவுவானோ அங்கெல்லாம், ஒன்றுவிடாமல், அவசரமில்லாமல். அவன் காரைச் சுற்றிவர, அம்புக்குறி அவள் மார்பின் மேல் மெல்லச் சுற்றியது.

மூச்சை அடக்கினாள். ஒரு டப்பாவைப்போல அசையாமல் கிடந்தாள். விரல்கள் அவளைத் தாண்டின. பின்பக்கம் போயின. தூரம் போயின.

ரேடியோ கரகரத்தது.

"என்னம்மா மெரிடி," என்றாள் பெவ், வாய் நிறையச் சிரிப்போடு, "வந்துச்சா உன் டப்பா?"

விரல்கள் நின்றன.

திரும்பி வந்தன. நேராக, அவள் தலை இருந்த கதவுக்கு. கைப்பிடி மெதுவாக ஒருமுறை இழுபட்டது. கண்ணாடியோரம் குனிந்து, யாருக்கும் கேட்காதபடி, முப்பது வருடமாக அவளுக்குப் பழகிய அதே குரலில் அது சொன்னது:

"மாட்டுனியா."

வெளியே சாவி கிலுங்கியது. அவள் தலைமாட்டில் கதவுப் பொத்தான், உள்ளே யாரும் தொடாமலே, மேலே எழும்பியது.