நாலு மணிக்குக் கிளம்பும் தாத்தா

எல்கடுவ தேயிலைத் தோட்டத்தில் நாலு மணிச் சங்கு ஊதினால் போதும், லோரன்ஸ் தாத்தாவுக்கு இருப்புக் கொள்ளாது.

எழும்புவார். உட்காருவார். இடுப்புச் சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுபடி எழும்புவார்.

"வீட்டுக்குப் போகணும்."

"இதுதான் தாத்தா நம்ம வீடு," என்பாள் பேத்தி மரிய கொறற்றி. அவளுக்குப் பத்து வயது.

"எனக்கே கதை சொல்றியா புள்ள? என் வீடு எனக்குத் தெரியாதா? தள்ளு!"

செவ்வாய்க்கிழமை அவர் ரோட்டுச் சந்திவரை போய்விட்டார். அங்கே இராணுவத்தின் சோதனைச் சாவடி இருந்தது. தாத்தா கையில் அடையாள அட்டை இல்லை. கேட்ட கேள்விக்குப் பதிலும் இல்லை. அப்பா மைக்கல் ஓடிப்போய், கெஞ்சிக் கூட்டி வந்தார்.

மறுநாள் அப்பா ஒரு பூட்டு வாங்கி வந்தார்.

"ஞாயித்துக்கெழம கதவுல கொண்டி அடிச்சிடறேன். வேலைக்குப் போறப்ப பூட்டிட்டுப் போயிடலாம்."

"தாத்தா என்ன ஆடாப்பா, அடைச்சு வைக்க?" என்றாள் கொறற்றி.

அப்பாவுக்கும் அந்தப் பூட்டைப் பார்க்கப் பிடிக்கவில்லை போலும். அதை அரிசிப் பெட்டிக்குப் பின்னால் வைத்தார்.

வியாழக்கிழமை தாத்தாவின் மறதிக்காக மூவரும் மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே றமீஸா மிஸ் இருந்தார். அவர் தொழில்வழிச் சிகிச்சையாளர். உடுத்துவது, சாப்பிடுவது, நடமாடுவது போன்ற அன்றாட வேலைகளை நோயாளிகள் தங்கள் கையாலேயே செய்துகொள்ள வழி பார்ப்பவர்.

மிஸ் தாத்தாவிடம் ஒரு சட்டையைக் கொடுத்துப் பொத்தான் போடச் சொன்னார். தாத்தா போட்டார். ஒன்று மட்டும் மாறிப்போனது.

"எனக்கும் சில நாள் மாறிப்போகும்," என்று மிஸ் சிரித்தார். தாத்தாவும் சிரித்தார்.

"மறதி போயிடுமா மிஸ்?" என்று கொறற்றி கேட்டாள்.

"அதை எடுக்க என்னால ஏலாது மகள். ஆனா மறதியோடயும் நல்லா இருக்கலாம். அவர் போகணும்னு சொன்னா, இல்லன்னு மல்லுக்கட்ட வேணாம். முந்தி அந்த நேரத்துல அவர் என்ன செய்வார்? அவர்ர கை, கால் எதைத் தேடுது? பார்த்து எழுதுங்க."

"எழுதினா அவர் போறது நிக்குமா மிஸ்? கதவப் பூட்ட பூட்டு வாங்கி வச்சிருக்கேன்," என்றார் அப்பா.

"பூட்டினா மனசு நிக்குமா?"

கொறற்றி பள்ளிக்கூடக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதத் தொடங்கினாள்.

'வெள்ளி. நாலு மணி. தாத்தா தன் காலைப் பார்த்தார். நாலு ஐந்து. மறுபடியும் காலைப் பார்த்தார். நாலு பத்து. கட்டிலில் காலை வைக்க மாட்டேன் என்றார். நாலு பதினைந்து. எனக்குக் கொசு கடித்தது.'

சனிக்கிழமை நாலு மணிக்குத் தாத்தாவின் பின்னாலேயே போனாள். அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்துக்குக் கீழே பீலி இருந்தது. மலைத் தண்ணீர் தகரக் குழாய் வழியே அங்கேதான் விழும். தாத்தா அதன் பக்கத்தில் நின்றார். வாளியோடு நின்ற பக்கத்து வீட்டு நல்லம்மா சத்தம் போட்டாள்.

"பெருசு, இங்க என்ன வேல? வீட்டுக்குப் போங்க!"

தாத்தா திடுக்கிட்டு ரோட்டுப் பக்கம் திரும்பினார். கொறற்றி அவர் கையை எட்டிப் பிடித்தாள்.

அப்போது மலையில் கான் என்ற வடிகால் வெட்டிய ஆட்கள் இறங்கி வந்தார்கள். உடம்பெல்லாம் சேறு. மண்வெட்டியைக் கழுவினார்கள். காலைக் கழுவினார்கள். பிறகுதான் லயத்துக்கு ஏறினார்கள். அப்பாவும் அப்படித்தான். கழுவாமல் வந்தால் அம்மா வாசலிலேயே நிறுத்திவிடுவாள்.

தாத்தாவும் நாற்பது வருடம் கான் வெட்டியவர்தானே!

அன்றிரவு கொறற்றி அரிசிப் பெட்டிக்குப் பின்னால் இருந்த பூட்டை எட்டிப் பார்த்தாள். நாளைக்கு ஞாயிறு.

ஞாயிற்றுக்கிழமை சங்கு ஊதாது. தாத்தாவுக்கு அது தேவைப்படவும் இல்லை. நாலு மணிக்கு எழும்பிவிட்டார். அப்பா சுத்தியலும் ஆணியுமாகக் கதவருகே நின்றார்.

"வீட்டுக்குப் போகணும்."

"வாங்க தாத்தா, போவோம்," என்றாள் கொறற்றி. மூலையில் கிடந்த பழைய மண்வெட்டியை எடுத்துக்கொண்டாள்.

"எங்கடி கூட்டிட்டுப் போற?" என்று அப்பா பதறினார்.

"வீட்டுக்குத்தான்ப்பா. நீங்களும் வாங்க."

பீலியில் நல்லம்மா வாயைத் திறப்பதற்குள் கொறற்றி முந்திக்கொண்டாள். "அக்கா, கொஞ்சம் வழி விடுங்க. தாத்தா வேல முடிஞ்சு வாறாரு."

நல்லம்மா தாத்தாவைப் பார்த்தாள். மண்வெட்டியைப் பார்த்தாள். வாளியை நகர்த்தினாள்.

தாத்தா மண்வெட்டியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். பிறகு குதிகால். பிறகு ஒவ்வொரு விரலிடுக்கு. இல்லாத சேறெல்லாம் போகும்வரை கழுவினார். வழுக்காமல் இருக்க அப்பா அவர் தோளைப் பிடித்திருந்தார்.

மூவரும் லயத்துக்கு ஏறினார்கள். அதே வாசல், அதே கதவு. தாத்தா உள்ளே வந்து கட்டிலில் காலை நீட்டினார்.

"அப்பாடா, வந்தாச்சு. தேத்தண்ணி இருக்கா?"

அம்மா அடுப்பங்கரைக்கு ஓடினாள். அப்பா கதவருகே விட்டுப்போன ஆணியை எடுத்துப் பார்த்தார். பிறகு அதைக் கதவில் அடிக்கவில்லை, சுவரில் அடித்தார். அதில் தாத்தாவின் மண்வெட்டியை மாட்டினார்.

"நாளைக்கும் கிளம்புவாரே புள்ள," என்றார்.

"நாளைக்கும் கழுவிட்டு வருவோம்ப்பா."

கொறற்றி கொப்பியைத் திறந்தாள்.

'ஞாயிறு. நாலரை மணி. தாத்தா வீட்டுக்கு வந்தார்.'